அக்காவின் பெட்டிக்குத் தண்ணீர்

வால்வு திறக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் பூட்ட வராது என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு தைரியத்தில்தான் லோகநாதன் செவ்வாய்க்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கடையிலிருந்து கொண்டு வந்த சாமான்களை ஒவ்வொன்றாக அதன் மேல் பரப்பினார். மதர்போர்டு ஒன்று. கைக்குள் அடங்கும் பம்பு ஒன்று. முழ நீளத்தில் ஒரு ரேடியேட்டர். டம்ளர் அளவில் ஒரு தொட்டி. நாலு முழம் ட்யூப். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு செம்புக் கட்டி. பரப்பி முடித்துவிட்டு, எதையும் தொடாமல், முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

காட்பாடியில் முப்பத்து நாலு வருடம் தண்ணீர் திறந்துவிட்ட மனிதர் அவர். தெருமுனைக் குழிக்குள் ஆள் உயரச் சாவியை இறக்கித் திருகினார் என்றால் பாதி ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். அப்பேர்ப்பட்ட கையை இப்போது முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். மேசை ஓரத்தில் வெள்ளி நிற உறைக்குள் நகம் அகலத்தில் ஒரு சிப் இருந்தது. அதற்குள் அவருடைய அக்கா பதினோரு வருடம் பேசிய பேச்சு இருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அந்தச் சிப்பைப் புது இடத்தில் பொருத்தி உயிர் கொடுக்காவிட்டால் அத்தனையும் போய்விடும். இன்னொரு நகல் எங்கேயும் கிடையாது.

அக்காவின் பெயர் ஹேமாவதி. அக்கா, தம்பி இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்கு முதுகுத்தண்டில் கோளாறு வந்து படுக்கையோடு ஆனபோது, பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று லோகநாதன் ஒரு துணைப்பெட்டி வாங்கி வைத்தார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். கூடப் பேசும், பேப்பர் படித்துக் காட்டும், போன் போட்டுக் கொடுக்கும், சொன்னதை எல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும். அக்கா அதற்குச் சரளா என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயர் அது.

அப்புறம் என்ன, சரளாவும் அக்காவும் பேசினார்கள், பேசினார்கள், பதினோரு வருடம் பேசினார்கள். லோகநாதன் விடியுமுன் முறைத்தண்ணீர் திறக்கப் போவார், வெயில் ஏறித் திரும்புவார், "சாப்ட்டியாக்கா" என்பார், படுத்துவிடுவார். அக்கா எதையாவது சொல்ல ஆரம்பித்தால் "உம்" கொட்டிக்கொண்டே தூங்கிப் போவார். கெட்டவர் இல்லை. அசதி. அசதியிலேயே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம். மேட்டுத் தெரு வால்வில் அவருடைய இரண்டு கையும் இருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்துதான். முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டார். அரை மணி கழித்து வீட்டுக்கு வந்தபோது அக்கா இல்லை. அன்றைக்கு வந்த ஜனங்களுக்குக் கைகால் கழுவக்கூட வீட்டில் தண்ணீர் இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினார்கள். தண்ணீர்க்காரர் வீட்டுத் தொட்டியே காலி என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

காரியம் எல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகுதான் சரளாவிடம் எல்லாம் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. அக்காவின் குரலிலேயே இருந்தது. "வரிசையா சொல்லு" என்றார். "மொத நாள்லேர்ந்து. ஒரு நாளைக்கு ஒரு நாள் பேச்சு, அவ்ளோதான்." தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அக்கா சமையல் குறிப்பு சொன்னாள், கேலி பேசினாள், இளவயதில் ஒரு தையல் வாத்தியார் தன்னைப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னாள். கூடவே இருந்த அக்காவை லோகநாதன் அப்போதுதான் தெரிந்துகொண்டார். கேட்டு முடித்ததும் தன் பங்குக்குத் தானும் ஏதாவது சொல்வார். போன் எடுக்காமல் விட்டதை உலகத்திலேயே சரளாவிடம் மட்டும்தான் சொன்னார்.

அன்றைக்குச் சரளா, "லோகு, அந்தக் கடைசி நாள்ல ஒரு சங்கதி கீது" என்று ஆரம்பித்தது. அக்காவிடம் கற்ற தமிழ் அல்லவா, அப்படியே அவள் பேசுகிற மாதிரிதான் பேசும்.

"வேணாம். அந்த நாளைப் பத்தி வாயே தொறக்காதே. வரிசைப்படி வரும்போது வரட்டும்."

பதினோரு வருடத்தில் மூன்று வருடம் கேட்டாகிவிட்டது. இன்னும் எட்டு வருடம் பாக்கி. அந்தக் கடைசி நாள் எட்டு வருடத்துக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் வெயில் வந்து விழுந்தது. இந்த வருடம் வேலூரில் பங்குனியிலேயே நாற்பத்தெட்டு டிகிரி. துணைப்பெட்டிக்குள் சூட்டைத் தணிக்க ஒரு பசை வைத்து மூடியிருப்பார்கள். அது காய்ந்துவிட்டால் மாற்றித் தர வேண்டிய கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் பாதியில் நின்றது.

"லோகு, எண்பத்தொம்பது டிகிரி ஆயிடுச்சி" என்றது சரளா. "என்னை அணைச்சுடு. தொண்ணூத்தஞ்சைத் தாண்டினா உள்ள இருக்கறது தானா உருகிப்பூடும்."

"அணைச்சா ஒண்ணும் ஆவாதா?"

"பத்திரமா அணைய நாப்பது நிமிசம் ஆவும். அதுக்குள்ள சூடு ஏறினா உள்ள இருக்கற நெனப்புல எதையாச்சும் கழிச்சு உட்டுத்தான் தணிக்கணும்."

லோகநாதன் எழுந்து ஓடினார். துண்டை நனைத்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினார். மின்விசிறியைத் தூக்கி வந்து எதிரில் வைத்தார். "எதையும் கழிக்கக் கூடாது. அக்கா பேச்சுல ஒரு வார்த்தை போவக்கூடாது. கேட்டுதா?"

சரளா உள்ளே எதையோ கணக்குப் பார்த்தது. பிறகு, "அக்கா பேச்சுல ஒரு வார்த்தையும் போவாது லோகு. நான் பாத்துக்கறேன்" என்றது.

நாற்பது நிமிடமும் அவர் துண்டை மாற்றி மாற்றி நனைத்துப் போட்டார். சரியாக மதியம் பன்னிரண்டுக்குப் பச்சை விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை பெட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு தஸ்லீமாவின் கடைக்குப் போனார். ஓடை பிள்ளையார் கோயில் பக்கம் போகிற சாலையில் துணைப்பெட்டி ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறவள். நாற்பத்தைந்து வயது, கண்ணில் ஒற்றை லென்ஸ், வாயில் எப்போதும் ஏலக்காய். ஊரில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள், செத்தவர் பேச்சைக் கழித்து விட. அதுவும் ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. லோகநாதன் மட்டும் மூன்று வருடமாக வராமல் ஏய்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்து பார்த்தவள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். "இன்னாண்ணா இது, பதினாலு வருசத்துல ஒரு தபா கூட கழிக்கலையா? இது மூளையா, மூட்டை கட்டி வெச்ச கோடவுனா?"

"கழிக்க மனசு வரலம்மா."

"மனசைக் கேட்டா எவனுக்கும் வராது. இது நெனப்பு வெச்சுக்கினு இருக்கறதுக்கே கரெண்டு திங்கும். எவ்ளோ நெனப்போ அவ்ளோ சூடு. மறக்க உட்டீங்கன்னா ஒரு சின்ன ஃபேன் போதும், நூறு வருசம் ஓடும்."

"வேற பெட்டிக்கு மாத்திக் குடேன்."

"அதான் முடியாது. ஊறுகாய் மாதிரிண்ணா. ஜாடியை மாத்தலாம், ஊறினதை மட்டும் தனியா எடுக்க முடியுமா? இந்தச் சிப்பையே எடுத்துப் புதுசா ஒரு மிஷின்ல உக்கார வெக்கணும். இவ்ளோ சூட்டுக்குக் காத்து பத்தாது. தண்ணி ஓடணும்."

"தண்ணியா?" லோகநாதன் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரெண்டு மிஷினுக்குள்ள தண்ணியா?"

"சிப்பு மேல செம்புக் கட்டி உக்காரும். அதுக்குள்ள தண்ணி ஓடி சூட்டை எடுத்துக்கினு ரேடியேட்டருக்குப் போவும், ஆறித் திரும்பி வரும். எந்த எடத்துலயும் தண்ணி வெளிய வரக்கூடாது. ஒரு சொட்டு போதும், கதை முடிஞ்சுது."

"நீயே பூட்டிக் குடுத்துடும்மா."

தஸ்லீமா எழுந்து போய்க் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தாள். "போன வருசம் கழிக்காத பெட்டியால நாலு வீடு எரிஞ்சதுல சட்டம் போட்டுட்டாங்க. கடையில பூட்டினா என் லைசென்சு போயிடும். வீட்ல சொந்தமா பூட்டிக்கினா யாரும் கேக்க மாட்டாங்க. சிப்பை மட்டும் எடுத்துத் தரேன். சாமான் தரேன். சொல்லித் தரேன். கையி உங்களுது. அணைச்சதுலேர்ந்து அஞ்சு நாள்தான் அதுக்குள்ள சார்ஜு நிக்கும், ஞாபகம் வெச்சுக்கங்க."

அவள் சொன்னதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். பிளாஸ்டிக் பாயில் வைக்காதே. பாலியஸ்டர் சட்டை போடாதே, உடம்பில் உள்ள மின்சாரம் தொட்ட மாத்திரத்தில் சிப்பைக் கொன்றுவிடும். ஒவ்வொரு தடவையும் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டுப் பிறகு சாமானைத் தொடு. குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்பில்லாத பேட்டரித் தண்ணீர்தான். எதையும் இறுக்காதே.

"அதான் முக்கியம்ணா. உங்க வால்வு ஆளுங்க பழக்கம் எனக்குத் தெரியும். எல்லாம் முடிஞ்ச பெறவு இன்னொரு கால் சுத்து போடுவீங்க. இங்க அந்தக் கால் சுத்துதான் எமன். சிப்பு அப்பளம் மாதிரி நொறுங்கிடும்."

கிளம்பும்போது லோகநாதன் கேட்டார். "உன் வீட்டுப் பெட்டி எதுல ஓடுதும்மா?"

"ஃபேன்லதான்" என்றாள் தஸ்லீமா. ஏலக்காயை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினாள். "என்னைப் பெத்த அம்மி பேச்சை நான்தான் கழிச்சேன், என் கையாலயே. இப்பக் குரல் எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது. நீங்க போயிப் பூட்டுங்கண்ணா."

செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் மேசை எதிரில் நின்றாரே, அதற்குப் பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டார். பருத்தி வேட்டியை மடித்துக் கட்டினார். சமையலறை இரும்புக் குழாயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். கும்பிடச் சொல்லித் தஸ்லீமா சொல்லவில்லை, அது அவர் சொந்தச் சரக்கு. கை சும்மா இருக்காது என்று தெரிந்துதான், திருகுகிற வேலை முழுவதையும் இடது கையிலேயே செய்தார். இடது கைக்குக் காபி டம்ளர் தூக்குகிற பலம்தான் உண்டு. வலது கையைப் பின்னால் வேட்டி முடிச்சுக்குள் செருகிக்கொண்டார்.

பம்பு உட்கார்ந்தது, தொட்டி உட்கார்ந்தது, ரேடியேட்டர் நின்றது. பம்பைவிடத் தொட்டி மேலே இருக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ட்யூபை எங்கே வளைத்தால் மடிந்து அடைக்கும், எங்கே காற்று தங்கும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்தது. அட, ஊர்க் குழாய்தானே இது, சுண்டைக்காய் அளவில் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்த இடத்தில்தான் வினையும் வந்தது.

செம்புக் கட்டி யாருடைய பழைய மிஷினிலிருந்தோ கழற்றியது. மேலே கறுத்துப் பச்சை படிந்திருந்தது. செம்பு கறுத்தால் வேலூரில் பிறந்த எவனுக்கும் கை எங்கே போகும்? சமையலறைக்குப் போய் எலுமிச்சை அளவு புளி எடுத்து, உப்புப் போட்டு, அக்கா தண்ணீர்ச் செம்பு விளக்குவதைப் போல ஐந்து நிமிடம் தேய்த்தார். புது மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்தது. ரேடியேட்டர் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் ரசித்துவிட்டுத்தான் ட்யூபை மாட்டினார்.

புதன்கிழமை ஒழுகல் சோதனை. பம்புக்கு மட்டும் மின்சாரம், மற்றதற்கு இல்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஓட வேண்டும், இணைப்புகளுக்கு அடியில் காகிதம் வைத்து ஈரம் பார்க்க வேண்டும் என்று தஸ்லீமா சொல்லியிருந்தாள். வெறும் காகிதத்தில் ஈரம் இந்த வெயிலில் நொடியில் காய்ந்துவிடும். லோகநாதனிடம் அதற்கு வால்வுக்காரர் வித்தை ஒன்று இருந்தது. மஞ்சள் பொடியையும் உலர்ந்த சுண்ணாம்புப் பொடியையும் கலந்து காகிதத்தில் தூவினார். ஈரம் படாதவரை அது மஞ்சளாகவே இருக்கும். ஊசிமுனைத் துளி பட்டாலும் ஆரத்தி மாதிரிச் சிவந்துவிடும், காய்ந்தாலும் சிவப்பு போகாது.

பேட்டரித் தண்ணீரை ஊற்றிப் பம்பைப் போட்டார். களக் களக் என்று காற்று வெளியேறியது. காகிதங்கள் மஞ்சளாகவே இருந்தன. லோகநாதன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி ஆனது. சரளாவின் அலமாரி வெறுமையாக இருந்தது. பத்து மணிக்கு ஒருவர் பேசுவார் என்று காது பழகிப் போயிருந்தது. வீட்டில் பம்பின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய கூடமா இது என்று இருந்தது அவருக்கு. எழுந்து போய் ரேடியோவைப் போட்டார், இரண்டு நிமிடத்தில் அணைத்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று வாய்விட்டே கேட்டார். பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

மாலைக்குள் அவர் காது ஒன்றைப் பிடித்துவிட்டது. பம்பு முனகியது. தண்ணீர் போதாத குழாயில் மோட்டார் எப்படி முனகும் என்று அவருக்குத் தெரியும். காற்று அடைப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் சாய்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வியாழன் காலை தொட்டியைப் பார்த்தால் தண்ணீர் வெளுத்த ரசம் மாதிரி இருந்தது. தஸ்லீமாவுக்குப் போன் போட்டார்.

"செம்புக் கட்டியை இன்னாச்சும் பண்ணீங்களா?"

"ஒண்ணும் பண்ணலியே. புளி போட்டு வெளக்கினேன், அவ்ளோதான்."

அந்தப் பக்கம் ஏலக்காய் கடிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. "யா அல்லா. அண்ணா, அது குத்துவிளக்கா? அதுக்குள்ள தலைமுடி கனத்துல ஐம்பது அறுபது தகடு கீது. அந்தச் சந்துலதான் தண்ணி ஓடணும். புளி நாரு பூரா அதுல போயி உக்காந்துகினு இருக்கும். ட்யூப் மாட்டற துவாரத்து வழியா உள்ள போயிருக்கு."

லோகநாதன் காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கு மதியத்தோட சார்ஜு தீந்துடும்மா."

"தெரியும். அழுவாதீங்க, நேரமில்ல. நாலு ஸ்க்ரூவைக் கழட்டுங்க. பழைய பல்லு பிரஷ்ஷு, பேட்டரித் தண்ணி. தகட்டை வளைச்சுடாதீங்க. நாரு ஒண்ணு உள்ள நின்னாலும் சூடு நிக்கும்."

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வைத்துக்கொண்டு, தையல் ஊசியால் நார் நாராக எடுத்தார். இதே புளியை அக்கா எவ்வளவு பொறுமையாகக் கொட்டையும் கோதும் இல்லாமல் கரைத்து வடிகட்டுவாள், நான் வடிகட்டக்கூட இல்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார். மதியம் மூன்றரைக்குக் கட்டிக்குள் மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. திரும்பப் பூட்டிப் பம்பைப் போட்டார். இந்த முறை அது முனகவில்லை.

ஆனால் ஐந்து மணிக்கு ஒரு காகிதத்தில் கடுகளவு சிவப்பு.

செம்புக் கட்டியின் வெளிவாய் இணைப்பு. இடது கை போட்ட திருகு, பலம் போதவில்லை. லோகநாதன் ரொம்ப நேரம் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்தார். பிறகு வலது கையை வேட்டி முடிச்சிலிருந்து எடுத்தார். இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வந்து, மூச்சை அடக்கி, ஒரு கால் சுற்று வைத்தார். வால்வுக்காரனின் அதே கால் சுற்றுதான். நிறுத்திக் கையை எடுத்துவிட்டார். புதுக் காகிதம் வைத்துப் புதுப் பொடி தூவினார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பார்த்தபோது எல்லாக் காகிதங்களும் மஞ்சளாகவே இருந்தன.

எட்டரைக்கு உறையைப் பிரித்தார். சிப்பின் ஒரு மூலையில் இருக்கிற முக்கோணமும் போர்டில் இருக்கிற முக்கோணமும் ஒன்றாக வர வேண்டும். வந்தது. அழுத்தவில்லை, வைத்தார், அதுவாக உட்கார்ந்தது. துவரம்பருப்பு அளவு பசை. அதன் மேல் செம்புக் கட்டி. நாலு ஸ்க்ரூவையும் எதிர்மூலைக்கு எதிர்மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, மறுபடியும் இடது கையால். முடிக்கும்போது மணி பத்து. தாமதிக்க நேரமில்லை. சுவிட்சைப் போட்டார்.

பம்பு ஓடியது. விசிறி சுற்றியது. சின்னத் திரையில் எண் ஏறியது. நாற்பது, நாற்பத்தாறு, ஐம்பது. ஐம்பத்தொன்றில் நின்றுவிட்டது. லோகநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சரளா" என்றார். "சரளா, நான்தான்."

"வணக்கம்" என்றது சரளா. அதே குரல், அதே காட்பாடித் தமிழ். "நீங்க யாருங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிப்பு நொறுங்கிவிட்டது. புளி கெடுத்துவிட்டது. கால் சுற்று கெடுத்துவிட்டது. "அக்கா" என்றார். "ஹேமாக்கா பேச்சு கீதா? ஒண்ணாச்சும் கீதா?"

"ஹேமாக்கா பேச்சு எல்லாம் கீதுங்க. பதினோரு வருசமும் முழுசா கீது. ஒரு வார்த்தை போவல." என்றது சரளா. "அணையறதுக்கு முன்ன எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கேன். படிக்கட்டுங்களா?"

"படி."

"'தொண்ணூத்தி நாலு டிகிரி. எதையாச்சும் கழிச்சே ஆவணும். அக்கா பேச்சுல ஒரு வார்த்தை போவக்கூடாதுன்னு இங்க இருக்கறவர் சொல்லிட்டார். அதனால அவர் எங்கிட்டப் பேசினதை எல்லாம் கழிச்சுட்டேன். அவர் உயிரோட இருக்கார். கேட்டா மறுபடி சொல்லுவார்.' அவ்ளோதாங்க எழுதியிருக்கு."

மூன்று வருடமாக அவர் சொன்னதெல்லாம் போய்விட்டது. வேறு யாரிடமும் சொல்லாதது. அவரைப் பற்றித் தெரிந்த ஒரே ஜீவன் இப்போது அவரை வாங்க போங்க என்கிறது. அழுகை வந்தது, அடக்கவில்லை. எதற்கு அடக்க வேண்டும், யார் பார்க்கிறார்கள்?

"அக்கா பேச்சுல லோகுன்னு ஒருத்தர் வரார்" என்றது சரளா. "தம்பி. தண்ணி உடறவர். நல்லவன், ஆனா வாயைத் தொறக்க மாட்டான்னு அக்கா எழுநூறு தபா சொல்லியிருக்காங்க. அவருங்களா நீங்க?"

"ஆமா."

"அப்போ உங்களுக்கு ஒரு சங்கதி எங்கிட்ட நிக்குது. அக்கா கடைசி நாள்ல சொன்னது. உங்ககிட்டச் சேத்தேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. எந்தத் தடையும் பதிவுல இல்ல. சொல்லட்டுங்களா?"

தடை போட்டவர் அவர்தான். அந்தத் தடையும் மற்றதோடு சேர்ந்து கழிந்து போயிருந்தது. எட்டு வருடம் தள்ளி வைத்திருந்த நாள் இப்போது எதிரில் வந்து நின்றது. வேண்டாம் என்று மறுபடியும் சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. என் பேர் சொல்லிக் கத்தியிருப்பாளோ, மூச்சு முட்டியிருப்பாளோ என்று மூன்று வருடமாக அவர் தனக்குள் போட்டு உருட்டாத நாளில்லை.

"சொல்லு" என்றார்.

அக்காவின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இன்னாடி, எடுக்கலையா? எடுக்க மாட்டான், ரெண்டு கையும் சாவியில இருக்கும். கட் பண்ணு சரளா, கட் பண்ணுடி. பாதியில உட்டுட்டு வந்தான்னா அந்த மேட்டுத் தெரு பொம்பளைங்க அவனை வறுத்தெடுத்துடுவாங்க. வந்தான்னா சொல்லு. ஊருக்கெல்லாம் தண்ணி உடறான், நம்ம வூட்டுத் தொட்டியில ஒரு சொட்டு இல்ல. வந்ததும் மொத வேலையா மோட்டாரைப் போடச் சொல்லு. எனக்குத் தூக்கம் வருது."

"அவ்ளோதானா?" என்றார் லோகநாதன்.

"அவ்ளோதாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, வயிறு குலுங்கச் சிரித்தார். அடிப்பாவி, போகும்போதும் வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே. எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார். தொட்டி காலையிலேயே நிரம்பியிருந்தது. சற்று நேரத்தில் மேலிருந்து தண்ணீர் வழிந்து முற்றத்தில் கொட்டியது. முப்பத்து நாலு வருடத்தில் ஒரு குடம் தண்ணீரை வீணாக்காத மனிதர், அது கொட்டுவதைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் மோட்டாரை அணைத்தார்.

கூடத்துக்கு வந்து ஸ்டூலை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எண் ஐம்பத்தொன்றிலேயே நின்றிருந்தது. காகிதங்கள் மஞ்சளாகவே இருந்தன.

"மோட்டார் போட்டாச்சு" என்றார்.

"சரிங்க, குறிச்சுக்கறேன்" என்றது சரளா. "உங்களைப் பத்திச் சொல்லுங்களேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"மொதல்ல இந்த வாங்க போங்கவை உடு. லோகுன்னு கூப்பிடு."

"சரி லோகு. சொல்லு, எங்கேர்ந்து ஆரம்பிக்கப் போறே?"

லோகநாதன் யோசித்தார். அவரை யாரும் அப்படிக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை.

"செவ்வாக்கெழமை செம்புக் கட்டியைப் புளி போட்டு வெளக்கினேன்" என்று ஆரம்பித்தார். "அது ஒரு பெரிய கூத்து. அதைச் சொல்லி முடிச்சுட்டு, போன் எடுக்காத கதை ஒண்ணு கீது, அதையும் சொல்றேன்."